சாப்பாட்டு மேசை மேல் தேயிலை மலை

ஸ்பொஞ்சு தேயிலையாக மாறியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கணவர் தன் குஷன் கடையில் வெட்டி மிஞ்சிய ஸ்பொஞ்சுத் துண்டுகளை உரச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். நானும் மகளும் அவற்றைப் பச்சைச் சாயத்தில் முக்கி, பிழிந்து, இரண்டு நாள் காயவைத்து, சம்பலுக்கு மிளகாய் அரைக்கும் கிரைண்டரில் போட்டு ஒரு சுற்று விட்டோம். மூடியைத் திறந்தபோது உள்ளே பச்சைத் தூள். மகள் ஒரு சிட்டிகை எடுத்தாள். ஒன்பது மில்லிமீற்றர் உயரத்துக்குத் தட்டையாக வெட்டி, பசை தடவி வைத்திருந்த ஒரு துண்டின் மேல் தூவினாள். நான் குனிந்து, கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன்.

கொழுந்து எடுத்து ஒரு வாரம் ஆன மலை அப்படியே இருந்தது. மேலே இளம்பச்சை, அடியில் இருட்டு. "இன்னொரு நெரை வை," என்றேன். அவள் வைத்தாள். "இன்னொன்னு." பகல் சாப்பாட்டு நேரம் தாண்டியும் நாங்கள் எழும்பவில்லை. கணவர் வந்து பார்த்தபோது நாற்பது செடிகள் நட்டிருந்தோம். அடுப்பில் எதுவும் இல்லை.

"ரெண்டு பேரும் பேர் போட்டாச்சா? அரை நாள் சம்பளம்தான் வரும்," என்றார், தோட்டத்துக் கங்காணி மாதிரி.

நாங்கள் கண்டியில், மஹய்யாவையில் இருக்கிறோம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை. கணவர் வேன் சீட்டுகளுக்கும் வீட்டுச் சோபாக்களுக்கும் குஷன் போடுகிறவர். மகள் ஒருத்திதான், பத்தொன்பது வயது. பொம்மை ரயில் வைத்து விளையாடும் வயதில் வீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் இந்த வருடம் எங்கள் சாப்பாட்டு மேசை மேல் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்று ஏறியது. அன்றிலிருந்து நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம்.

அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் மழையைச் சொல்ல வேண்டும். விரிவாகச் சொல்ல இன்னும் என்னால் முடியாது. மகள் ஹட்டனில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் மலை சரிந்து பாதை மூடியது. அவளுடைய ஃபோன் அணைந்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அவள் எங்கே இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் எந்தெந்த இலக்கங்களுக்கு அழைத்தேன், யார் யார் எடுத்தார்கள், யார் எடுக்கவில்லை, ஜன்னல் பக்கம் எத்தனை தடவை போனேன் என்பதெல்லாம் இன்றைக்கும் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் பகல் ஒரு லொறியில் வந்து இறங்கினாள். முழங்கால் வரை சேறு. "நல்லாத்தான் இருந்தேன், பசிக்குது," என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவளை நான் சந்திக் கடைக்குக்கூடத் தனியாக விடவில்லை. தகரத்தில் நாலு துளி விழுந்தாலே எழும்பிப் போய் அவள் அறையைப் பார்ப்பேன். அவள் அங்கேதான் இருப்பாள். இருந்தாலும் பார்ப்பேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். பேராதனைப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் சோபாக்களுக்கு உறை மாற்றப் போன கணவர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தார். அந்த வீட்டார் வெளிநாட்டுக்குக் குடிபோகிறார்களாம், கொண்டுபோங்கள் என்று கொடுத்துவிட்டார்களாம். உள்ளே ஓர் எஞ்சின், ஐந்து பெட்டிகள், வளைந்த தண்டவாளத் துண்டுகள், ஒரு ட்ரான்ஸ்போமர். எஞ்சின் ஏதோ ஐரோப்பிய நாட்டுப் பச்சை. மகள் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கதவு, கைப்பிடி, படி எல்லாம் இருந்தன. கைப்பிடி ஒரு தலைமயிர் கனம்தான்.

"இது எத்தனையில ஒரு பங்கு அம்மா?"

பெட்டியின் பக்கத்தில் எழுதியிருந்தது: எண்பத்தேழில் ஒன்று. நான் ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். நடுத்தர உயரமான மனுஷி பதினெட்டு மில்லிமீற்றர். தேயிலைச் செடி ஒன்பது. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் கதவு இருபத்திரண்டு. எழுதிக்கொண்டே போனேன். தண்ணீர்ப் பீலி, நாய், கொழுந்துக் கூடை என்று கடதாசி நிறைந்தது. வாரக்கணக்கில் அவளையும் மழையையும் தவிர வேறெதையும் நினைக்காத மண்டைக்குள் அன்று முதல்தடவையாக வேறொன்று நுழைந்தது.

அடுத்த வாரம் கடிதமும் வந்தது. பதுளைப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒப்புக்கொள்வதானால் குறித்த நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். ஹட்டனையும் தாண்டி, அதே பாதையில், இன்னும் தூரம். கணவர் கோயிலுக்கு ஓடினார், தேங்காய் உடைத்தார். நான் கடிதத்தை அலுமாரிக்குள் வைத்தேன். கண்டியிலேயே படிக்கக்கூடிய ஒரு வகுப்பைப் பற்றி அன்றைக்கே விசாரித்து வைத்தேன்.

"என்னம்மா சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள்.

"மொதல்ல இந்த ரயில் வேலை முடியட்டும். அப்புறம் பேசுவோம்."

சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் அது பேச்சாகிவிட்டது.

வேலை ஆரம்பித்ததும் ஒரு பெரிய பிழை விட்டோம். மலையை முதலில் கட்டினோம். டிவி பெட்டிக்குள் அடைத்து வந்த வெள்ளை ரெஜிஃபோம் துண்டுகளை அடுக்கி, மேலே கோழிக்கூட்டு வலையைப் போர்த்தி, பழைய பேப்பரைக் கோதுமை மாவுப் பசையில் நனைத்து ஒட்டினோம். அது காய்வதற்குள் எங்களுக்குப் பொறுக்கவில்லை. தேயிலை நடத் தொடங்கிவிட்டோம். வளைவுக்கு வளைவு நிரை பிடித்து, இடையில் நடக்கப் பாதை விட்டு, நிழலுக்குச் சவுக்கு வைத்து, சரிவில் கீழே பத்துக் காம்பரா லயம் ஒன்றையும் தீப்பெட்டி அட்டையில் கட்டி வைத்தோம். லயத்துத் தகரத்துக்குச் சிகரட் பெட்டிக்குள் வரும் வெள்ளித்தாளைச் சீப்பால் அழுத்தி மடிப்பு எடுத்தது மகளுடைய யோசனை. துருவுக்கு மஞ்சளும் கோப்பித் தூளும். என் கணவர் அதைக் குனிந்து பார்த்தார். பிறகு கடைசிக் காம்பராவைத் தொட்டு, "இந்த வூட்டுக்காரன் ஒழுகுதுன்னு சொல்லுவான், ஒரு டயர் தூக்கி மேல போடு," என்றார். பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டிப் போட்டோம். கூரை உண்மையாகிவிட்டது.

வயர் இணைத்துத் தருவதற்காகத் திகனயில் மின்சாமான் கடை வைத்திருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் ஒருவரைக் கணவர் அழைத்து வந்தார். அவருடைய கடை வேனுக்குச் சீட்டுத் தைத்த பழக்கம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மேசையைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தார்.

"டீச்சர், மாஷா அல்லாஹ், மிச்சம் வடிவா இக்கிது. கோச்சி எங்கால போற?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ரயில் போக இடம் இல்லை. எட்டடி பலகையில் எட்டடியும் தேயிலை.

"கோச்சிப் பாதைய போட்டுட்டுத்தானே டீச்சர் மத்ததெல்லாம் வெக்கிற?" என்றார் நானா. சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நம்ம ஆளுங்க எல்லாம் இந்தியாவுலேருந்து நடந்துவந்துதான் மலையப் போட்டாங்க நானா," என்றார் கணவர். "கோச்சி அப்புறமாத்தான் வந்துச்சு. எங்க வூட்டம்மா வரலாறுப்படி செஞ்சிருக்கா."

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு நாங்களே நட்ட மலையை நாங்களே வெட்டினோம். ரொட்டிக் கத்தியால் மலையின் இடுப்பைச் சுற்றி ஒரு தட்டு எடுத்து, ஒரு மூலையில் குடைந்து சுரங்கம் விட்டு, தண்டவாளத்தைப் பதித்தோம். பிடுங்கிய செடிகளை மகள் தட்டத்தில் எடுத்து வைத்து, வேறிடத்தில் நட்டாள். சிலிப்பர் கட்டைகளுக்கு நடுவே போட மகாவலிக் கரையில் அள்ளிய மணலைச் சல்லடையில் இரண்டு தடவை அரித்தேன். பெட்டிகளை இங்கத்திய நீலத்துக்கு மாற்றினோம். எஞ்சினைச் சிவப்பும் காவியும் ஆக்கினோம். ஒவ்வொரு பூச்சும் காய்ந்து எழும்பும்போது இருவரும் முதலில் பார்க்கப் போட்டி போடுவோம். பாடசாலையில் ஐந்தாம் பாடம் நடக்கும்போதே வீட்டில் என்ன காய்ந்திருக்கும் என்று நினைப்பேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு மணி அடித்ததும் முதல் ஆளாக கேட்டைத் தாண்டினேன்.

கணவர் றெக்சீன் துணுக்கில் குடைகள் வெட்டினார். நானா வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்தார். ஒருமுறை அரிசிமணி அளவு விளக்குகள். "ஸ்டேஷனுக்கு லைட் இல்லாட்டி சனம் விழும்," என்றார். இன்னொருமுறை தன் மகளுடைய உடைந்த வளையல், ஸ்டேஷன் மணிக்கூட்டுக்கு.

ஆட்கள் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. வயர் துண்டை மடித்துக் கைகால் ஆக்கி, மெழுகு ஏற்றி, நிறம் பூசுவோம். கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபது பேர். மகள் அவர்களை வரிசையாக, ஒரே மாதிரி இடைவெளியில் நிறுத்தினாள். "இது என்னா ட்ரில் கிளாஸா," என்று நான் மாற்றினேன். இரண்டு பேர் தலையைச் சாய்த்துக் கதைக்க வேண்டும். ஒருத்தி நிமிர்ந்து இடுப்பைப் பிடிக்க வேண்டும். ஒருத்தி நிரையை விட்டு நாலு செடி முன்னே போயிருக்க வேண்டும், அவளை மற்றவர்கள் திட்டிக்கொண்டிருக்க வேண்டும். பதினெட்டு மில்லிமீற்றரில் திட்டுவதைக் காட்ட முடியுமா என்றால் முடியும். கையை இடுப்பில் வைத்தால் போதும்.

இப்படிச் சொல்லும்போது நான் ஏதோ சந்தோஷத்தில் மட்டும் செய்தேன் என்று நினைக்கத் தோன்றும். சந்தோஷம்தான். ஆனால் என் கை இன்னொரு வேலையும் செய்துகொண்டிருந்தது.

தோட்டத்தில் மழைத்தண்ணீர் மண்ணைக் கொண்டுபோகாமல் மலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்காலைக் கான் என்போம். என் அப்பா கான் வெட்டுகிறவர். அதனால் மலையில் கான் இருந்தாக வேண்டும் என்று நான் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. மூன்று கான் வெட்டினேன். பிறகு ஆறு. பிறகு சரிவுக்கு வலை அடித்தேன், கொசுவலைத் துண்டில். தண்டவாளத்துக்கு மேலே கல்கட்டு ஒன்று கட்டினேன். பூச்சாடிக்குள் போடும் சிறு சல்லிக்கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அளவு பார்த்து, நானாவிடம் கேட்டு வாங்கிய அசல் சீமெந்தில் வைத்தேன். சுரங்கத்து வாயிலிருந்து வளைவு முடியும்வரை. அழகாக வந்தது. இடையிடையே தண்ணீர் வடிய ஓட்டைகூட விட்டேன். அது முடிந்ததும் அதற்கு முன்னால், பாதைக்கு இன்னும் பக்கத்தில், இரண்டாவது கட்டு ஒன்றை ஆரம்பித்தேன்.

"அம்மா, ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு வுட்டாலும் மத்தது புடிச்சுக்கும்."

எஞ்சினை மட்டும் எடுத்து வைத்துக் கையால் தள்ளிப் பார்த்தேன். கட்டில் முட்டாமல் போனது. ஒரு தீக்குச்சி இடைவெளி. போதும் என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு முறையும் வேலை முடிகிறது என்று தெரியும்போது நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஸ்டேஷனுக்குப் பூச்சாடி வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடி வேண்டும். கோயிலுக்குக் கொடிமரம் வேண்டும். பதிவுக்குக் கடைசி நாள் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு வரை இழுத்துவிட்டேன். இன்னும் மூன்று நாள் இழுத்தால் நாளே கடந்துவிடும், நான் வேண்டாம் என்று வாயால் சொல்லவே தேவையில்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வெட்கம் வரவில்லை, ஒரு நிம்மதிதான் இருந்தது.

அந்த ஞாயிறு காலை, கொடிமரத்துக்குப் பித்தளைக் கம்பி தேடிக்கொண்டிருந்தேன். மகள் நானாவை ஃபோனில் அழைத்திருந்தாள். என்னிடம் கேட்கவில்லை. அவர் ஒன்பது மணிக்கெல்லாம், சரிபார்க்கக் கொண்டுபோயிருந்த ட்ரான்ஸ்போமரோடு வந்து நின்றார்.

"மகள் செல்லிச்சு இண்டைக்கு ஓட்டமாம்."

"கொடிமரம் இன்னும் வக்கலயே நானா," என்றேன்.

"கோச்சி கொடிமரத்துல போறல்லயே டீச்சர்."

கணவர் ஏற்கனவே கதிரைகளை ஒதுக்கிவிட்டார். மகள் எஞ்சினை வைத்தாள், பெட்டிகளைக் கோத்தாள். முதல் இரண்டும் சிறியவை. மூன்றாவதுதான் உள்ளதில் நீளமானது, பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தது. அதைத்தான் அவள் ஆசையாக நிறம் பூசியிருந்தாள். நானா வயரை மாட்டி, "பிஸ்மில்லாஹ்," என்று குமிழைத் திருப்பினார்.

எஞ்சின் ஒரு தடவை உறுமியது. பிறகு நகர்ந்தது.

அந்த நேரத்தை என்னால் சரியாக எழுத முடியவில்லை. அதுவரை அது மலை, செடி, அட்டை, பசை. எஞ்சின் நகர்ந்தவுடன் எல்லாவற்றுக்கும் உயிர் வந்துவிட்டது. கொழுந்தெடுக்கும் பெண்கள் ரயிலைப் பார்த்து நிமிர்ந்தவர்களாகத் தெரிந்தார்கள். நாய் குரைப்பதாகவே தோன்றியது. பாலத்தைத் தாண்டியது. ஸ்டேஷனைத் தாண்டியது. கணவர் வாயால் கூவினார். நான் கையைத் தட்டினேன், இந்த வயதில், சின்னப் பிள்ளை மாதிரி. சுரங்கத்துக்குள் எஞ்சின் நுழைந்தது, மறைந்தது, மறுபக்கம் வந்தது. முதல் பெட்டி வந்தது. இரண்டாவது வந்தது.

மூன்றாவது வரும்போது டக் என்று ஒரு சத்தம். நீளமான பெட்டியின் நடு வயிறு என் கல்கட்டில் இடித்தது. ஒரு நொடி தொற்றிக்கொண்டு நின்று, வெளிப்பக்கம் சாய்ந்து, பின்னால் வந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு சரிவில் உருண்டது. தேயிலையை உழுதுகொண்டு போய் லயத்துக் கூரையில் நின்றது.

நானா குமிழைத் திருப்பி நிறுத்தினார். பொம்மை என்று தெரியும். நானே நிறம் பூசிய பொம்மை. இருந்தும் நான் அந்த ஜன்னல்களுக்குள் குனிந்து பார்த்தேன். பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"தண்ணி குடு," என்றார் கணவர்.

மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, விழுந்த பெட்டியை எடுத்து மடியில் வைத்து, சக்கரத்தில் சிக்கிய ஸ்பொஞ்சை விரலால் நோண்டி எடுத்தாள். நோண்டிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, அன்னைக்கு எங்க ரயில் மேல மண்ணு விழல. முன்னாடி தூரத்துல விழுந்துச்சு. டிரைவர் பாத்துட்டு நிப்பாட்டிட்டாரு. கார்ட் வந்து சொன்னாரு, நாங்க உள்ளயே இருந்தோம். ரொம்ப நேரம்."

நான் ஒரு மிடறு தண்ணீர் குடித்தேன்.

"மேல லயத்துலேருந்து ஆளுங்க வாளியில தேத்தண்ணி கொண்டாந்தாங்க. கப் பத்தல. ஒரு கப்ப ஒரு பெட்டியே குடிச்சோம். ஒரு அக்காவுக்குக் கைப்புள்ள, அத மாத்தி மாத்தி வச்சிருந்தோம், என் மடியில ஒண்ணுக்குப் போயிருச்சு. அப்புறம் நடக்கச் சொன்னாங்க. பொம்பளைங்க எல்லாம் தேயிலைக்குள்ள ஒதுங்கப் போறதுக்கு நாலு பேரு குடையால மறைச்சுப் புடிச்சோம். ஒரு கிழவி குடைக்கு உள்ள இருந்துக்கிட்டே, 'ஏன் புள்ளைகளா, மலையே நனையுது, எனக்கு எதுக்குக் குடை'ன்னு கேட்டுச்சு."

கணவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள்.

"பயம் இருந்துச்சு. ரெண்டு தடவ. ஒண்ணு சுரங்கத்துக்குள்ள. முன்னாடி போனவங்க நின்னுட்டாங்க, எதுக்குன்னு தெரியல. இருட்டு. முன்னாடி நின்ன ஆளு சட்டையப் புடிச்சுக்கிட்டேன், அவரு யாருன்னே தெரியாது. இன்னொன்னு, ஃபோன் அணையும்போது. நீங்க என்ன ஆவீங்களோன்னு."

பெட்டியைத் திருப்பி மற்றச் சக்கரத்தைப் பார்த்தாள்.

"நீங்க அன்னைக்கு நடந்தத எல்லாருக்கும் சொல்றீங்க. ஸ்கூல்ல, கோயில்ல, பஸ்ஸுல. ஜன்னலுக்குப் போனது, ஃபோன் பண்ணது. நான் எங்க இருந்தேன்னு என்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கல."

அது உண்மை. நான் கேட்டதில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று பயம். சொன்னால் அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டுமே என்று பயம். சொன்னதோ, வாளித் தேத்தண்ணீரும் கைக்குழந்தையும் குடையும். இத்தனை வாரம் நான் மனதில் ஓட்டிக்கொண்டிருந்த காட்சிகளில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

"அதுக்காக மலைக்கே போகாம இருந்தா எங்க போறதும்மா? இதுவும் மலைதானே," என்றாள். 'இது' என்று மேசையைக் காட்டினாளா, மஹய்யாவையைக் காட்டினாளா தெரியாது. தலையை ஆட்டியது இரண்டுக்கும் நடுவில்.

நானா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "டீச்சர், கட்டு மிச்சம் கிட்ட இக்கிது. வளைவுல நீளப் பெட்டி உள்ளுக்கு வயிறு தள்ளும். எஞ்சின் கட்டை, அது போயிரும்."

விஞ்ஞான ஆசிரியைக்கு அது தெரிந்திருக்க வேண்டும். வட்டத்துக்குள் ஒரு நேர்கோடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டக்கூடிய விஷயம். நான் சின்ன எஞ்சினை மட்டும் தள்ளிப் பார்த்துவிட்டுச் சரி என்றேன். நீளப் பெட்டியை வைத்துப் பார்த்திருந்தால் கட்டைக் கட்டியிருக்க முடியாது. அதனால்தான் பார்க்கவில்லையோ என்னவோ.

"உளி இருக்கா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"ஒட்டின கல்லுதானே, கையால வராதா?"

"சீமெந்து."

அவர் என்னைப் பார்த்தார். "ஸ்பொஞ்சு மலைக்கு அசல் சீமெந்தா? ஏன் டீச்சரம்மா, கம்பி போட்டியா உள்ள?"

கம்பியும் போட்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை.

மகள் நீளப் பெட்டியின் பக்கத்தில், நடுவில், ஒரு பென்சில் துண்டை டேப்பால் ஒட்டினாள். அதைத் தண்டவாளத்தில் வைத்துக் கையால் மெதுவாகத் தள்ளினாள். பென்சில் மலையில் கோடு கீறிக்கொண்டே போனது. பெட்டியின் வயிறு எங்கெங்கே வரும் என்று அந்தக் கோடு காட்டியது. கட்டின் நடுவே போனது கோடு. சுரங்கத்து வாயிலும் ஒரு பக்கம் உரசியது. அதற்குப் பின்னால் ஒரு விரல் தள்ளி நான் இன்னொரு கோடு போட்டேன்.

"இது வரைக்கும் ஒடைக்கலாம்," என்றேன்.

கணவர் பலகையைப் பிடித்துக்கொண்டார். நானா லயத்தையும் கோயிலையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நான் உளியை வைத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் இருபது பெண்களும் குதித்தார்கள். கல் ஒவ்வொன்றாக வந்தது. ஒருமணி நேரம் பிடித்தது. முன்கட்டு முழுக்கப் போனது, பின்கட்டில் பாதி போனது, சுரங்கத்து வாயிலும் ஒரு பக்கம் போனது. இரண்டு நிரைத் தேயிலையைப் பிடுங்க வேண்டி வந்தது. அதை நானே பிடுங்கினேன். மிச்சக் கட்டைப் பின்னால் தள்ளி, இந்தமுறை வெறும் பசையில் வைத்தேன்.

பகல் இரண்டு மணிக்கு மறுபடி ஓடவிட்டோம். நீளப் பெட்டி சுரங்கத்தை விட்டு வெளியே வரும்போது நான் கண்ணை மூடவில்லை. கட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு விரல் வெளிச்சம் ஓடிக்கொண்டே வந்தது. வளைவு முடிந்தது. பாலம். ஸ்டேஷன். மறுபடி சுரங்கம். நானா வேகத்தைக் கூட்டினார். கணவர் கூட்டாதீங்க என்றார், பிறகு அவரே கூட்டினார். எத்தனை சுற்று ஓடியது என்று யாரும் எண்ணவில்லை. தேத்தண்ணீர் ஊற்றப் போன நான் பாதியில் ஓடிவந்து பார்த்தேன், மறுபடி போனேன், மறுபடி வந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

நானா போன பிறகு அலுமாரியைத் திறந்து கடிதத்தை எடுத்தேன்.

"ஃபோன எடுத்துட்டு வா. இதுல என்னமோ நம்பர் கேக்குமாம்."

மகள் ஃபோனோடு வந்தாள். மேசையில் இடம் இல்லாததால் படியில் உட்கார்ந்து பதிந்தோம். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற இடத்தில் என் இலக்கத்தைப் போட்டாள். அப்பாவுடையதையும் போடு என்றேன். ஒன்றுதான் போடலாம் என்றாள். அப்படியானால் அப்பாவுடையதைப் போடு என்றேன். "நான் எடுத்தா கத்துவேன், அவர் கேப்பாரு."

பாதையைத் திருத்தி ரயில் ஓடத் தொடங்கியபின் அவள் போனாள். நான் பேராதனைச் சந்தி ஸ்டேஷன் வரை கூடப் போனேன். அங்கே பதுளை ரயிலில் ஏற்றிவிட்டேன். இறங்கும்போது கைப்பிடியைக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தேன் போல. கார்ட் விசில் ஊதிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கிழமைக்கு ஒரு தடவையாவது ஜன்னல் பக்கம் போகிறேன். அவள் இரவு ஏழு மணிக்கு அழைப்பாள், அதற்கு முன் நான் அழைப்பதில்லை என்பது எங்களுக்குள் உள்ள ஏற்பாடு. கேட்க வேண்டியவற்றை ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன். இப்போது கேட்கிறேன். எங்கே இருந்தாய், யாரோடு, என்ன சாப்பிட்டாய், எதற்குச் சிரித்தாய்.

நேற்று மாலை நல்ல மழை. பலகையின் மறுமூலையில் பதுளை ஸ்டேஷன் ஒன்று கட்டுகிறேன். அவள் படம் எடுத்து அனுப்பியிருந்தாள், தூண்களை எண்ணி அளவும் எழுதியிருந்தாள். கூரையை வைத்துப் பசை பிடிக்கும்வரை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நின்றேன். தகரத்தில் மழை சத்தம் கூடிக்கொண்டே வந்தது. ஆறே முக்கால்.

கணவர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் அவளுக்கு ஒரு கோல் எடுத்துப் பாக்கவா?"

"வேணாம்," என்றேன். "இன்னும் கால் மணி நேரம் இருக்கு. இந்தப் பக்கத் தூணைப் புடிங்க, சாயுது."

அவர் வந்து பிடித்தார்.